ஊருக்குத் திரும்பும் குடும்பத்துக்கு வேலை எங்கே?

(போளூரில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில், 2025 பிப்ரவரியில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடும்பத்தோடு ஊர் மாறி வர்றவங்களுக்கு வேலைக்கு வழி என்ன என்று பேசச் சொன்னார்கள். நான் பெரிய பேச்சாளி இல்லை. கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறவள். அதனால் கணக்கு எழுதுகிறவள் மாதிரியே பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பேச்சு ஏன் வந்தது என்று உங்களுக்கே தெரியும். நம்ம பக்கத்து ஜனங்கள் பெங்களூருக்குப் போறதும் வர்றதும் புதுசு இல்லை. கட்டட வேலைக்கு, மேஸ்திரிகிட்ட சித்தாளா, கார்மென்ட்ஸுக்கு, வீட்டு வேலைக்கு, செக்யூரிட்டிக்கு என்று ஊருக்குப் பத்து வீடாவது அங்கே இருக்கும். சென்னைக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் இன்னும் கொஞ்சம். 2011 கணக்கெடுப்பில் நம்ம திருவண்ணாமலை மாவட்டத்தில் 24 லட்சத்து 64 ஆயிரம் பேர். அதில் நூற்றுக்கு எண்பது பேர் கிராமத்தில் இருக்கிறவர்கள். இத்தனை பேருக்கும் நிலமே சோறு போட முடியாது, போறாங்க. 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்த பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் மூட்டை முடிச்சோடு வந்தது உங்கள் கண்ணில் இருக்கும். அதில் பாதிப் பேர் திரும்பப் போனார்கள், மீதிப் பேர் இங்கேயே தங்கினார்கள். அதற்குப் பிறகும் வருகை நிற்கவில்லை. மாமியாருக்கு உடம்பு முடியலை, வாடகை ஏறிப்போச்சு, பெண் வயசுக்கு வந்துட்டா, வீட்டுக்காரருக்கு முதுகு போச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம். மாதக் கூட்டத்தில் இப்போது தவறாமல் ஒரு ஊர்லேர்ந்தாவது கேட்கிறார்கள்: "அக்கா, எங்க தெருவுக்கு ஒரு குடும்பம் வந்திருக்குது. அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் வேலை இருக்குதா?"

இந்தக் கேள்வி கேட்கப்படுகிற நேரத்தைக் கவனியுங்கள். சாமானை இறக்கி, பால் காய்ச்சி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, கையில் இருந்த காசு கரைந்து மூன்று மாசம் ஆன பிறகு கேட்கிறார்கள். வருவதற்கு முன்னாடி வீட்டில் பேச்சு நடந்திருக்கும் இல்லையா? அங்கே கேட்கப்பட்ட கேள்வி, "ஊருக்குப் போனா அவருக்கு என்ன வேலை?" என்பது ஒன்றுதான். அவருக்கு ஒரு ஆட்டோவோ, ஒரு மேஸ்திரியோ, ஒரு நெல் மண்டியோ கிடைத்தவுடனே வண்டி ஏறிவிடுகிறார்கள். அவள் என்ன செய்வாள் என்று யாரும் கேட்பதில்லை. அவளே கேட்டுக்கொள்வதில்லை. "அங்க போய் ஏதாச்சும் பார்த்துக்கலாம்" என்று வந்துவிடுகிறாள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். பெங்களூரில் புருஷனுக்கு 18,000, பெண்டாட்டிக்கு கார்மென்ட்ஸில் 11,000 என்று வையுங்கள். மாசம் 29,000. வாடகை, தண்ணி, கரண்ட் சேர்த்து 8,000 போனால் கையில் 21,000 நிற்கும். ஊருக்கு வந்தால் சொந்த வீடு, வாடகை இல்லை, மிச்சம் என்று நினைக்கிறோம். இங்கே அவருக்கு 13,000 கிடைக்கிறது, அவளுக்கு ஒன்றும் இல்லை. 8,000 வாடகையை மிச்சம் பிடித்து 16,000 வருமானத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். இதில் அவருடைய சம்பளம் குறைந்தது 5,000. அவளுடைய சம்பளம் போனது 11,000. பெரிய ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வருகிறார். இந்தக் கணக்கை வண்டி ஏறுவதற்கு முன்னாடி ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தங்கச்சி, நாத்தனார், மகள் யாராவது ஊருக்கு வர்றேன் என்று போன் போட்டால், "வா வா" என்று சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

சரி, வந்தாச்சு. வேலை எங்கே?

பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் புரியாத விஷயம், இங்கே வேலை ஒரே துண்டாகக் கிடைக்காது என்பதுதான். ஒண்ணாந்தேதி போனால் முப்பதாந்தேதி சம்பளம் என்கிற மாதிரி வேலை நம்ம பக்கம் குறைவு. நாலைந்து துண்டுகளைச் சேர்த்து வருஷத்தை நிரப்ப வேண்டும். தையில் அறுப்பு, அப்புறம் மல்லாட்டை பிடுங்கி ஆய, நடுவில் நூறு நாள், மழைக்காலத்தில் நடவு, களை. அறுப்புக்கு மெஷின் வந்த பிறகு அந்தத் துண்டும் சின்னதாகிப்போச்சு. நடவுக்கும் களைக்கும் போவது சேர்ந்து போகிற பெண்களோட கோஷ்டி. அந்தக் கோஷ்டியில் யாரோ ஒருத்தி போன் போட்டு "நாளைக்கு இன்னார் கொல்லை" என்று சொன்னால்தான் வேலை. புதுசா வந்தவளுடைய நம்பர் யாரிடமும் இருக்காது. இங்கே வேலைக்குப் போர்டு வைக்க மாட்டார்கள். பழக்கத்தில்தான் வேலை வரும்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். "பெங்களூர்ல இருந்தவங்களுக்கு அட்டை கிடையாது" என்று சில ஊரில் சொல்கிறார்கள். அது சரியில்லை. பிழைப்புக்காக வெளியே போய்த் திரும்பி வந்த குடும்பமும் அந்த ஊராட்சியில் குடியிருக்கிற குடும்பம்தான், அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டைக்குக் காசு கிடையாது. விண்ணப்பித்து 15 நாளுக்குள் அட்டை கொடுக்க வேண்டும். அட்டை வந்த பிறகு "எனக்கு வேலை வேணும்" என்று எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் வேலை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி. எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வந்துவிடுகிறோம், அங்கேதான் கோட்டை விடுகிறோம். இன்னொன்று, இது ஊராட்சிக்குத்தான். போளூர் டவுனுக்குள் வாடகைக்குக் குடிவந்தால் கிடையாது, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஊராட்சிக்குள் வீடு பார்த்தால் உண்டு. வீடு பார்க்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ஆனால் நூறு நாளை மட்டும் நம்பி வரலாமா? 2024-25 வருஷத்துக்கு நம்ம மாநிலத்துக் கூலி 319 ரூபாய். நூறு நாளும் முழுசாக் கிடைத்து, அளவு குறையாமல் முழுக் கூலியும் போட்டாலும் 31,900. பன்னிரண்டால் வகுத்தால் மாசத்துக்கு 2,658 ரூபாய். அதுவும் ஒரு வீட்டுக்கு நூறு நாள், ஆளுக்கு நூறு நாள் இல்லை. கூலி ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும் நேரமும் உண்டு. இதை ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம், முழுத் துணி என்று நினைக்கக் கூடாது.

மாசச் சம்பளம்தான் வேணும் என்கிற இளவயசுப் பெண்களுக்கு நம்ம மாவட்டத்தில் செய்யாறு சிப்காட் இருக்கிறது. அங்கே லோட்டஸ் ஷூ கம்பெனிக்கு ஊர் ஊராக பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அந்த வட்டாரமே வேலை கொடுக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் போளூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேலே. விடியற்காலை பஸ் ஏறணும், இருட்டித் திரும்பணும். கைக்குழந்தை இருக்கிறவளுக்கு வீட்டில் ஒரு மாமியாரோ அம்மாவோ இல்லாமல் முடியாது. அதனால்தான் சொல்கிறேன், மாமியாரோடு சண்டை போடுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்! (சிரிப்பு) பெங்களூரில் கார்மென்ட்ஸில் இருந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரும்போது அவசரத்துக்குப் பி.எஃப். பணத்தை மொத்தமா எடுத்துக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அந்த யு.ஏ.என். நம்பர் இந்தியா முழுக்க ஒன்றுதான். புது கம்பெனியில் அதே நம்பரைக் கொடுத்து பழைய கணக்கை மாற்றிக்கொண்டால் சர்வீஸ் சேரும். மொத்தம் பத்து வருஷம் சேர்ந்தால் பென்ஷனுக்குத் தகுதி. ஏழு வருஷம் அங்கே உழைத்ததை எடுத்து ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டு, இங்கே ஒண்ணாம் வருஷத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.

இப்போது தறி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம்ம பக்கம் திரும்பி வர்ற குடும்பத்துக்கு முதலில் கூப்பிட்டு வேலை கொடுக்கிறது பட்டுத் தறிதான்.

ஆரணிப் பட்டு என்றால் நாடு முழுக்கத் தெரியும். ஆரணி டவுன் மட்டும் இல்லை, ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் தறிச் சத்தம். இதில் பாட்டன் காலத்திலிருந்து நெய்கிற குடும்பமும் இருக்கிறது, பிற்பாடு கற்றுக்கொண்டு தறியில் உட்கார்ந்த குடும்பமும் இருக்கிறது. முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார், நாம் வீட்டில் நெய்து கொடுத்தால் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. வெளியே போக வேண்டாம், வாடகை இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முன்பணமும் தருவார்கள். ஊர் திரும்பி வந்தவனுக்கு அந்த நேரத்தில் முன்பணம் தெய்வம் மாதிரி. கூரையை மாற்றலாம், ஸ்கூல் ஃபீஸ் கட்டலாம்.

இந்த முன்பணத்தை வாங்குவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கூலியில் மாசாமாசம் எவ்வளவு பிடிப்பார்கள்? பாவு இல்லாமல் தறி சும்மா இருக்கிற நாளுக்கு என்ன? வேறு முதலாளிகிட்ட போகணும் என்றால் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்குப் பதில் எல்லாருக்கும் தெரியும். முன்பணத்தை அடைத்துவிட்டுத்தான் போக முடியும். புது முதலாளி கொடுக்கிற முன்பணத்தை வாங்கி பழைய முதலாளிக்குக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கடன் அப்படியே இருக்கும், முதலாளிதான் மாறுவார். முதலாளி எல்லாரும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஊரடங்கில் தறி நின்றபோது அரிசி மூட்டை கொடுத்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் வேலை கொடுக்கிறவரும் கடன் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் கூலி பேசுகிற வாய் தானாக மூடிக்கொள்ளும். முன்பணம் தேவைப்படுகிற அந்தத் தொகையைக் குழுக் கடனாகக் கொடுக்க முடிந்தால், அந்தக் குடும்பம் கூலி பேசிவிட்டுத் தறியில் உட்காரும். கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராகிற வழியையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, தறி வேலை ஒரு ஆள் வேலை இல்லை. தார் சுற்றணும், நூல் இழைக்கணும், அறுந்த இழையைப் பிணைக்கணும். புடவையின் வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு வாரமும் ஆகும், இருபது நாளும் ஆகும். அத்தனை நாளும் அவர் தறிக்குழியில் உட்கார்ந்தால், அவள் பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டு, நடுவில் சோறு பொங்கிக்கொண்டு, அவர் டீ குடிக்க எழுந்தால் தானும் நாலு இழை ஓட்டிக்கொண்டு இருப்பாள். கூலி அவர் கையில் வரும். முதலாளி நோட்டில் அவர் பேர். கணக்கெடுக்க வந்தவர் கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருக்குது" என்பார். பெங்களூரில் பதினோராயிரம் வாங்கினவள் இங்கே "சும்மா இருக்கிறவள்" ஆகிப்போகிறாள். நெசவாளர் அடையாள அட்டை அவள் பேரிலும் வேண்டும். தறியில் நெய்கிற பெண் என்று பதிந்தால்தான் நெசவாளர் நலத்திட்டம் எதுவும் அவள் கைக்கு வரும். தனியாகத் தறி நெய்யத் தெரிந்த பெண்கள் நம்ம குழுக்களில் எத்தனையோ பேர். கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள், எத்தனை கை! இதில் எத்தனை பேர் பேரில் அட்டை? (சிலர் மட்டும் கை தூக்கினர்.) அதைத்தான் சொல்கிறேன்.

புதுசா தறி கற்றுக்கொள்ள வர்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கை பழக மாசக்கணக்கில் ஆகும், அதுவரை வருமானம் சொற்பம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம். மழைக்காலத்தில் தெருவில் பாவு நீட்ட முடியாது, குழித்தறியில் ஈரம் ஏறும். வருஷம் பூரா ஒரே மாதிரி ஓடாது. கைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம் 2023-லிருந்து வந்தது ஒரு ஆறுதல். ஆனால் விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிற வரை நம்ம கூலி ஏறுவது கஷ்டம்தான். அதைப் பேச ஆரம்பித்தால் தலைவி அக்கா மணி அடித்துவிடுவார்கள்.

மாடு. எல்லாரும் கேட்கிற கடன் மாட்டுக் கடன். ஒரு மாடு வாங்கி ஊற்றினால் போதும் என்று வருகிறார்கள். கன்று போட்டுப் பத்து மாசம் கறக்கும், அப்புறம் வற்றிப்போகும். தவணை வற்றுமா? வற்றாது. வாங்கினால் ரெண்டு மாடு, முன்னே பின்னே கன்று போடுகிற மாதிரி வாங்கணும். நிலம் இல்லாதவர்கள் பசுந்தீவனத்துக்கு யார் கொல்லை என்று முதலில் பேசிவிட்டு வாங்கணும். வைக்கோலும் தவிடும் மட்டும் காசு கொடுத்து வாங்கிப் போட்டு ஆவினுக்கு ஊற்றினால் மிஞ்சுவது சாணம்தான். காலையும் மாலையும் கறவை, ஒரு நாள் கல்யாணத்துக்குப் போக முடியாது. இதெல்லாம் தெரிந்து வாங்குகிறவர்களுக்கு மாடு நல்ல துண்டு.

தொழில் தொடங்கணும் என்கிறவர்களுக்கு, திருவண்ணாமலையில் இந்தியன் வங்கியின் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தையல், அழகுக்கலை, மாடு வளர்ப்பு, செல்போன் பழுது என்று பயிற்சி, சாப்பாட்டோடு இலவசம். ஊருக்கு நாலாவது பியூட்டி பார்லர் வேண்டுமா என்று மட்டும் போவதற்கு முன்னால் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

பஸ்ஸைப் பற்றியும் சொல்லணும். 2021 மே மாசத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நமக்குக் கட்டணம் இல்லை. இது சும்மா ஊர் சுற்ற இல்லை. முன்னே போகவர நாற்பது ரூபாய் பஸ்ஸுக்கே போய்விடும் என்று விட்ட வேலையெல்லாம் இப்போது கட்டுபடியாகும். போளூர் டவுனில் ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆஸ்பத்திரி, களம்பூர் பக்கம் அரிசி ஆலை எல்லாம் எட்டும் தூரம். வீடு பார்க்கும்போது டவுன் பஸ் நிற்கிற ஊரா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். வேகமாகப் போகிற வெளியூர் பஸ்ஸுக்கு இது செல்லாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

காகிதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகாவில் ரேஷன் அட்டை வாங்கியிருந்தால் அங்கே பேரை நீக்கி நீக்கல் சான்று வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏற வேண்டும். அது இல்லாமல் இங்கே புது அட்டை கிடைக்காது, அட்டை இல்லாமல் மகளிர் உரிமைத் தொகையும் மருத்துவக் காப்பீடும் கேட்க முடியாது. அங்கே எடுத்த கட்டடத் தொழிலாளர் வாரிய அட்டை அந்த மாநிலத்தோடது, இங்கே புதிதாகப் பதியணும். பிள்ளைகள் விஷயத்தில், டி.சி. வரத் தாமதம் என்று எட்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ திருப்பி அனுப்பக் கூடாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பெண்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு முக்கியமாக ஒன்று. கல்லூரியில் மாசம் ஆயிரம் ரூபாய் புதுமைப் பெண் திட்டம் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு. 2024-25 வருஷத்திலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஊருக்கு வரப்போகிறோம் என்று முடிவாகிவிட்டால், பிள்ளை ஐந்தாவது முடிக்கும்போது வருவதும் எட்டாவது முடித்து வருவதும் ஒன்று இல்லை. அதோடு, கன்னடத்தில் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கூட்ட ஒரு வருஷம் ஆகும். பக்கத்து வீட்டு அக்கா யாராவது சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் அந்தக் குடும்பத்துக்குப் பணத்தை விடப் பெரிய உதவி.

ஜப்பானில் கிராமமெல்லாம் காலியாகிறது என்று, பட்டணத்து ஆட்கள் கிராமத்தில் வந்து தங்கி வேலை செய்தால் மூன்று வருஷம் வரைக்கும் அரசாங்கமே சம்பளம் கொடுக்கிற திட்டம் 2009-லிருந்து நடக்கிறதாம். அங்கே ஆள் வந்தால் போதும் என்று கூப்பிடுகிறார்கள். நம்ம ஊரில் நம்ம பெண் திரும்பி வந்தால், "பிழைக்கத் தெரியாம வந்துட்டா" என்கிறோம்.

அதுதான் நான் பேச வந்த விஷயம். மீதி எல்லாம் அதற்கு முன்னுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பழக்கம் வழியாகத்தான் வேலை வரும் என்று சொன்னேன். ஊரில் அந்தப் பழக்கம் கிடைக்கிற இடம் நம்ம குழு. நடவுக் கோஷ்டி, தறி விசாரணை, பயிற்சித் தகவல், வங்கிக் கடன் எல்லாம் குழுக் கூட்டத்தில்தான் காதில் விழுகிறது. பள்ளியில் காலை உணவு சமைக்கிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. அந்த வேலை குழு உறுப்பினருக்குத்தான், அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிற அம்மாவுக்கு முதலிடம். பிள்ளை அங்கே படிக்கும், அம்மாவுக்குச் சமைக்கத் தெரியும், ஆனால் குழுவில் இல்லை. வேலை எப்படிக் கிடைக்கும்?

ஏன் சேர்க்கவில்லை என்று நான் கேட்டால் ரெண்டு பதில் வருகிறது.

முதல் பதில்: "நாங்க பத்து வருஷமா சேமிச்ச பணம் அக்கா, நேத்து வந்தவ எப்படிப் பங்கு கேட்கலாம்?" நியாயமான பயம்தான். ஆனால் இது கணக்கில் தீர்கிற விஷயம். ஒவ்வொருத்தர் சேமிப்பும் தனித்தனிப் பக்கம். லாபத்தைப் பிரிக்கும்போது அவள் சேர்ந்த தேதியிலிருந்துதான் அவளுக்குக் கணக்கு. அதுவரை சேர்ந்தது பழையவர்களுடையது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் ஒரு ரூபாய் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாது. எழுதத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து எழுதித் தருகிறேன். குழுவில் இருபது பேர் நிறைந்துவிட்டது என்றால் அது வேறு. அப்போது வந்தவர்கள் பத்துப் பேரைச் சேர்த்துப் புதுக் குழு அமைக்கணும். ஆறு மாசம் ஒழுங்காகக் கூடி, சேமித்து, உள்கடன் கொடுத்து வாங்கி, நோட்டு எழுதினால் வங்கியில் கடன் கேட்கலாம்.

ரெண்டாவது பதில்தான் கசப்பானது. "அவ கடன் வச்சிட்டுப் போனவ அக்கா. அவ தவணையை நாங்க கட்டினோம்." இந்த மண்டபத்திலேயே அப்படிக் கட்டினவர்கள் இருக்கிறார்கள். தாலிக்கயிற்றில் கிடந்த குண்டுமணியை வைத்துக் கட்டினவர்களை எனக்குத் தெரியும். அந்த வலியை நான் சின்னதாக்கவில்லை. ஊரடங்கில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாசம் தவணை தள்ளி வைத்தார்கள் என்பதை, தள்ளுபடி என்று நினைத்துக் கிளம்பினவர்களும் உண்டு. 2021-ல் அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவு வங்கியில் வாங்கின குழுக் கடனை. நம்ம குழுக்கள் பலதும் வாங்கினது மற்ற வங்கியில். அது அப்படியே நின்றது. போனவளுக்கு அது தெரியாது, இருந்தவர்கள் கட்டினார்கள்.

இப்போது அவள் திரும்பி வந்திருக்கிறாள். பாக்கி முழுவதையும் வைத்தால்தான் உள்ளே விடுவோம் என்றால் அவள் எங்கே போவாள்? வார வட்டிக் கம்பெனிக்குப் போவாள், இல்லை முன்பணம் வாங்கித் தறியில் உட்காருவாள். ரெண்டில் எதுவானாலும் நம்ம பாக்கி வராது. அவளுக்கு வேலை கிடைத்தால்தான் நம்ம பணம் திரும்பும், வேலைக்கு வழி குழுவில் இருக்கிறது. நம்ம பணத்தை நாமே கதவைச் சாத்தி வெளியே வைத்திருக்கிறோம்.

அதனால் செயற்குழுவில் பேசி ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். பாக்கியை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எவ்வளவு, யார் யார் கட்டினது என்று முதலில் எழுத வேண்டும். அதை மாசம் இவ்வளவு என்று அவளால் முடிகிற தவணையாகப் பிரிக்க வேண்டும். மூன்று தவணையும் சேமிப்பும் தவறாமல் கட்டினால் நாலாவது மாசம் குழுவில் உறுப்பினர். ஒரு வருஷம் கழித்துத்தான் வங்கிக் கடனில் பங்கு, அதுவரை சின்ன உள்கடன் மட்டும். கட்டினவர்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேருகிற வரை கூட்டமைப்புக் கணக்கில் தனியாக எழுதி வைப்போம், மாசாமாசம் படித்துக் காட்டுவோம். புதுசா குடிவந்தவர்களுக்கு, கடனே வைக்காதவர்களுக்கு, இடம் இருக்கிற ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு இடம். அவர்களுடைய போன் நம்பரை ஊர்ச் சமுதாய வளப் பயிற்றுநர் எழுதி வைத்துக்கொண்டு, நடவுக்கும் களைக்கும் பள்ளி வேலைக்கும் முதலில் கூப்பிட வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு இது பொதுக்குழுவில் வாசிக்கப்படும். ஆட்சேபம் இருக்கிறவர்கள் எழுந்து சொல்லணும், பின் வரிசையில் முணுமுணுக்கக் கூடாது. முக்கியமாகத் தவணை கட்டி ஏமாந்தவர்கள் பேசணும். நீங்கள் பேசின பிறகுதான் கையெழுத்து. இப்போது வாசலில் பெஞ்சு போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். உங்கள் தெருவுக்குக் குடிவந்த குடும்பம் எது, அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை தெரியும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.